தட்டு சரி... மூடி எங்கே?

பைக் வைத்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. கடைசியாக வண்டிக்கு ஆயில் மாற்றினீர்களே... அந்தப் பழைய ஆயில் இப்போது எங்கே இருக்கிறது?

'அதை மெக்கானிக்கிட்டதான் கேட்கணும்' என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்களிடமும் வருகிறேன். முதலில், வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, தானே ஸ்பேனர் பிடிக்கிறவர்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அவர்களுக்காகவே ஆயில் பிடிக்கும் தட்டுகள் விதவிதமாக வந்துவிட்டன. வட்டம், சதுரம், கறுப்பு, சிவப்பு. 'ஒரு சொட்டு சிந்தாது', 'தரையில் கறை படியாது', 'கை அழுக்காகாது' என்று ஏகப்பட்ட உத்தரவாதம். எந்தத் தட்டு நல்லது என்று பக்கம் பக்கமாக அலசுகிறார்கள். அலசட்டும், தப்பில்லை. ஆனால், எல்லா அலசலும் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. நம் வீட்டுத் தரை சுத்தமாக இருக்கிறதா? இருக்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடியவில்லை நண்பர்களே. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டில் ஆயில் மாற்றுவதை நான் குறை சொல்ல வரவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டப்பிடாரத்தை ஒட்டி இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் ஊர். அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒருவர், வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு விடுவதற்காக டவுனுக்குப் போய்க் காத்துக்கிடந்தால் அரை நாள் கூலி போச்சு. தானே மாற்றினால் காசும் மிச்சம், என்ன ஆயில் ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்பதும் நிச்சயம். நல்ல பழக்கம்தான். அதனால், தட்டைப் பற்றித் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொள்ளளவு. பல 100 சி.சி. வண்டிகளில் வடியும் ஆயில் ஒரு லிட்டருக்குள்தான். புல்லட் வகை வண்டிகளில் 2 லிட்டரை ஒட்டியோ, அதற்கு மேலோ வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது. அதைப் போல இரண்டு மடங்காவது கொள்ளும் தட்டாக வாங்குங்கள். விளிம்பு வரை நிரம்பிய தட்டைத் தூக்கிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

உயரமும் அகலமும். சென்டர் ஸ்டாண்ட் போட்ட வண்டியின் இன்ஜினுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தட்டு அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால், அகலமாக இருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் நேராக விழாது. முதலில் வேகமாகச் சாய்ந்து பீய்ச்சும். அப்புறம்தான் நூலாக இறங்கும். நம் கடற்கரைப் பக்கத்து ஆடிக் காற்றில் அந்த நூலும் ஆடும். அம்மியே பறக்கும் காற்றுக்கு ஆயில் எம்மாத்திரம்!

உறுதி. மெல்லிய பிளாஸ்டிக் பேசின் வேண்டாம். சூடான ஆயிலோடு தூக்கும்போது நடுவில் வளையும், ஒரு பக்கம் சாயும். சமையலறைப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது திரும்பவும் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது.

வாயில் வலை வைத்த தட்டாக இருந்தால் உத்தமம். கழற்றும் போல்ட்டும் வாஷரும் கை தவறி விழுந்தால் கறுப்பு ஆயிலுக்குள் துழாவ வேண்டாம். திரும்ப மாட்டும்போது பலத்தைக் காட்டாதீர்கள். அலுமினிய மரை, ஒரு இறுக்கு அதிகமானால் போச்சு.

பக்கவாட்டில் அளவுக் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இது. போன தடவை ஊற்றியது 900 மில்லி. இன்று வடிந்தது 500 தான். கொஞ்சம் உள்ளே தங்கும், சரி. மீதி எங்கே போனது? ஒன்று, இன்ஜின் குடிக்கிறது. அல்லது, எங்கேயோ ஒழுகுகிறது. மெக்கானிக் சொல்லாததை அந்தக் கோடு சொல்லிவிடும்.

இத்தனையும் பார்த்து வாங்கிவிட்டீர்கள். ஒரு சொட்டு சிந்தாமல் வடித்தும்விட்டீர்கள். தட்டு நிறைய கறுப்பாக ஆயில். இப்போது கையில் அதை ஏந்திக்கொண்டு நிற்கிறீர்களே... அடுத்து எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்கள்?

நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் பற்று எழுதினால், இன்னொரு கணக்கில் அதே தொகையை வரவு எழுதியே ஆக வேண்டும். எந்தப் பணமும் காற்றில் கரைந்து போகாது. ஆயிலும் அப்படித்தான். உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து ஒரு லிட்டர் வெளியே போனால், வேறு யாருடைய கணக்கிலோ அது ஒரு லிட்டராகவே ஏறியிருக்கிறது.

யார் கணக்கில்? அந்தப் பக்கத்து ஊர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதில் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

'வாறுகால்ல ஊத்தியாச்சு அண்ணாச்சி.'

'வேலிக்கம்புல பூசிட்டேன், கரையான் அண்டாது.'

'செயினுக்கு விட்டது போக மிச்சம், அந்தா கேன்ல கிடக்கு.'

'மரத்தடியில ஊத்தினேன். மண்ணு குடிச்சிரும்லா!'

அந்தக் கடைசிப் பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. மண் குடித்துவிடும்... உண்மைதான். ஒட்டப்பிடாரம் வட்டாரம் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் ஊற்றினால் ஆயில் கண்ணெதிரே காணாமல் போகும். ஆனால், குடித்த மண் அதைச் செரிக்க வேண்டாமா? அந்த இடத்தில் மண் தண்ணீரை ஏற்காது, வேர் மூச்சுவிடாது. ஐப்பசி மழை வந்தால் ஒரு பகுதி கண்மாய்க்குப் போகும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த அனுபவம் உள்ள மக்களுக்குக் கண்மாயின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜினுக்குள் போகும்போது தேன் நிறத்தில் போன ஆயில், வரும்போது ஏன் கறுப்பாக வருகிறது? உள்ளே தேய்ந்த இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்களைச் சுமந்துகொண்டு வருகிறது. எரிந்த பெட்ரோலின் கரியைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தக் கரியோடு வரும் ரசாயனங்களில் சில, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பழைய ஆயில் அடிக்கடி தோலில் பட வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று பல வண்டிகளின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கைக்கு ஆகாதது கண்மாய்க்கு ஆகுமா?

1801-ல் ஊமைத்துரை திரும்பக் கட்டிய கோட்டையையும் வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கினான். அந்த இடத்தில் மறுபடி மனிதர்கள் குடியேறவே கூடாது என்று நிலத்தை உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தான் என்று சொல்வார்கள். இன்று நாம் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. இந்த மண்ணின் வீரத்தைப் பேசாத மேடை இல்லை. அதைப் பார்க்க பைக்கில் போகிறோம், நெற்றியில் மண் எடுத்துப் பூசிக்கொள்கிறோம். பகைவன் விதைத்த ஆமணக்காவது முளைத்தால் விளக்கெண்ணெய் தரும். நாம் ஊற்றும் எண்ணெயில் என்ன முளைக்கும்?

'ஒரு லிட்டர் ஆயிலுக்கு இவ்வளவு பெரிய வசனமா?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, வசனம் வேண்டாம். கணக்குக்கே வருவோம்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடி துறைமுகம். அங்கே வந்து நிற்கிறதே சரக்குக் கப்பல், அதற்கும் இன்ஜின் இருக்கிறது, அதிலும் ஆயில் அழுக்காகிறது. ஆனால், அந்தக் கப்பலின் கேப்டன் உங்களைப் போல சுதந்திர மனிதர் இல்லை. 400 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில், 'எண்ணெய்ப் பதிவேடு' என்று ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேசச் சட்டம். மார்போல் ஒப்பந்தம் என்று பெயர். 1983-லிருந்து அமலில் இருக்கிறது. எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்கு எவ்வளவு எண்ணெய்க் கழிவு போனது, எந்தத் துறைமுகத்தில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியாக வேண்டும். அதாவது, இரட்டைப் பதிவு!

கடலில் விடும் இன்ஜின் அறைத் தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு இருக்கலாம் தெரியுமா? பத்து லட்சம் பங்கில் 15 பங்கு. அதற்கு மேல் கூடாது. அந்தக் கணக்கை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நீங்கள் வாறுகாலில் ஊற்றும் ஒரு லிட்டரை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 66 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரியில் ஐந்தரை லாரி! ஒரு பெரிய கப்பலுக்குக் கிடையாத சலுகையை ஒரு சின்ன பைக்குக்கு நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு லிட்டர் என்று தனியாகப் பார்ப்பதுதான் ஏமாற்று. ஒரு ஊரில் ஒரு லட்சம் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, தலைக்கு ஒரு லிட்டர். இரண்டு லட்சம் லிட்டர். இதே அளவு ஒரு கப்பலிலிருந்து கொட்டியிருந்தால் என்ன செய்திருப்போம்? 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? இளைஞர்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். சொட்டுச் சொட்டாக, வீட்டுக்கு வீடு கொட்டினால் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை. அள்ளுவதற்குப் பக்கெட்டும் வருவதில்லை.

தூத்துக்குடி டவுன்காரர்கள் 'நாங்க கரிசல்ல ஊத்தலையே' என்று சொல்ல முடியாது. உங்கள் வாறுகால் போய்ச் சேருவது பக்கிள் ஓடை. பக்கிள் ஓடை போய்ச் சேருவது கடல். அதுவும் எந்தக் கடல்? 21 தீவுகளோடு 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. முத்துக்கும் சங்குக்கும் பேர் போன கடல். முத்துச்சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் இரை எடுக்கிறது. தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பு வழியாகப் போகிறது. முத்துக்குளிப்பு நின்றதற்கு உங்கள் பைக்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அன்று இத்தனை பைக் ஏது? ஆனால், நொந்து கிடக்கும் கடலுக்கு நம் பங்கு மொய்யாக இது தேவையா?

'பெரிய பெரிய ஃபேக்டரிக்காரன் கொட்டுறான். அவனைக் கேட்க மாட்டீங்க, எங்களைக் கேட்பீங்க' என்ற பதில் தயாராக இருக்கும். அவனையும் கேட்க வேண்டும். கேட்ட மாவட்டம்தான் இது. தங்கள் காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்களில் 13 பேர், 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரைவிட்டார்கள். ஆலையின் புகையும் உங்கள் ஒரு லிட்டரும் ஒன்றல்ல. தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனால், தண்ணீருக்காக அப்படி ஒரு விலை கொடுத்த ஊரில், அதே தண்ணீருக்குள் ஆயிலை ஊற்றிவிட்டு 'ஒரு லிட்டர்தானே' என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? பெரியவனைக் கேட்கும் உரிமை, நம் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் கூடுதலாக எடுபடும்.

இப்போது மெக்கானிக்கிடம் விடுகிறவர்களுக்கு. உங்கள் கை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஒர்க்‌ஷாப்களில் பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து, வாங்க வருகிறவர்களிடம் விற்கிறார்கள். வாறுகாலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால், வாங்கிப் போகிறவர் யார்? முறையாக லைசென்ஸ் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போகிறதா, ஏதாவது ஒரு சூளையில் எரிந்து நம் மூச்சுக்குள் வருகிறதா? அல்லது, வடிகட்டி, சாயம் கலந்து, பளபள டப்பாவில் 'ஒரிஜினலாக' உங்கள் வண்டிக்கே திரும்பி வருகிறதா? ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை. இன்னொன்று, காலி ஆயில் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணெதிரே ஓட்டை போடச் சொல்லுங்கள். போலி ஆயிலுக்கு முதல் மூலதனமே உங்கள் காலி டப்பாதான்.

இத்தனைக்கும் பழைய ஆயில் குப்பை இல்லை, சரக்கு! ஆயில் தேய்ந்துபோவதில்லை, அழுக்காகிறது. அழுக்கையும் தண்ணீரையும் நீக்கிச் சுத்திகரித்தால் மறுபடி நல்ல அடிப்படை எண்ணெயாகிவிடும். கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து வாங்கும் நாடு நாம். டாலரை வாறுகாலில் ஊற்றுகிறோம்.

அரசாங்கம் என்ன செய்கிறது? சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு என்பது விதியிலேயே இருக்கிறது. அதைத் திரட்டி மறுசுழற்சி செய்வதற்கு உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி, 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வருட இலக்கு எவ்வளவு? 5 சதவிகிதம்! படிப்படியாக 50 சதவிகிதம் வரை போகுமாம். அதற்குப் பிறகும் பாதி எங்கே போனாலும் கேள்வி இல்லை. போகட்டும், அந்த 5 சதவிகிதத்தில் சேர வேண்டும் என்று பாஞ்சாலங்குறிச்சிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால், கேனைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவார்? ஆயில் விற்பதற்கு மூலைக்கு மூலை கடை இருக்கிறது. திரும்ப வாங்குவதற்கு ஒரு பலகைகூட இல்லை.

முடியாத காரியம் என்றால் விட்டுவிடலாம். முடிகிற காரியம் இது. வண்டி பேட்டரி தீர்ந்தால் என்ன செய்கிறோம்? பழசைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு புதுசு வாங்குகிறோம். பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்துவிட்டது. எந்தச் சாக்கடையிலாவது கார் பேட்டரி மிதந்து பார்த்திருக்கிறீர்களா? டாஸ்மாக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் நீலகிரியில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்த திட்டம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். போதையில் இருப்பவரே பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது, தெளிவாக இருக்கும் நாம் ஆயிலைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டோமா?

ஜெர்மனியில் ஆயில் விற்கும் கடைக்காரர், விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசு வாங்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். ஆயில் விற்கும் ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் ஒரு பேரல். டப்பாவுக்கு இருபது ரூபாய் முன்பணம். அதே டப்பாவில் பழைய ஆயிலை நிரப்பிக் கொண்டுவந்தால் இருபது ரூபாய் வாபஸ். பேரலை எடுத்துப் போவது கம்பெனி பொறுப்பு. விற்பதற்குப் பட்டிதொட்டியெல்லாம் லாரி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அதே லாரி காலியாகத் திரும்பும்போது பேரலை ஏற்றத் தெரியாதா?

அது வரும் வரை நாம் செய்ய வேண்டியது பெரிய தியாகம் எதுவும் இல்லை.

தட்டு வாங்கும்போது கையோடு, திருகு மூடி போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியும் மூக்கும் சேர்ந்தே வரும் தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக வடியவிட்டு, புனல் வைத்துக் கேனில் ஊற்றுங்கள். அதில் பெட்ரோல், மண்ணெண்ணெய், தண்ணீர், பிரேக் ஆயில் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. தரையில் சிந்தினால் தண்ணீர் அடித்துத் தெருவுக்குத் தள்ளாதீர்கள். மரத்தூளைப் போட்டுக் கூட்டி அள்ளுங்கள். கேன் மேல் 'பழைய ஆயில்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நான்கைந்து தடவைக்குப் பிறகு கேன் நிறையும். டவுனுக்குப் போகும்போது, முறையாகப் பேரல் எடுக்க ஆள் வரும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு, அதில் ஊற்றிவிட்டு வாருங்கள். அப்படியே உங்கள் ஊர்க் கிராம சபையில் எழுந்து, 'ஊருக்குப் பொதுவாக ஒரு பேரல் வையுங்கள்' என்று ஒரு மனு கொடுங்கள். சாலைக்கும் தெருவிளக்கும் கேட்கிற இடத்தில் இதையும் கேட்கலாம்.

சிந்தாமல் பிடிப்பதற்குத் தட்டு போதும். கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் மூடி வேண்டும். மூடி இல்லாத தட்டு, வாசலிலிருந்து வாறுகால் வரைக்கும்தான் பயணம் போகும். தட்டின் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கும் நாம், கடைக்காரரிடம் இனி இதை முதலில் கேட்போம்:

'மூடி இருக்கா அண்ணாச்சி?'